பதின்மூன்று எழுத்துகளும் ஒரு பெரியவரும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வாத்தியார் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறப்போட்டுப் படியுங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தோம். ஒரு தகரப் பெட்டியில் என் அக்காவின் கல்யாண அழைப்பிதழ் கிடைத்தது. 1971-ஆம் ஆண்டு. அதை அச்சுக் கோத்தவர் என் அப்பாவேதான். சிற்றூர் அச்சகம் ஒன்றில் அவர் கம்பாசிட்டராக இருந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையை வேறு யாரையும் தொடவிடவில்லை என்று அம்மா சொல்வாள்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதை வாங்கி உரக்கப் படித்தாள். ‘நிகழும் மங்களகரமான’ வரைக்கும் சரளம். ‘காலை’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

“தாத்தா, இது என்ன? ல-வுக்கு முன்னாடி தும்பிக்கை மாதிரி ஒண்ணு தொங்குது?”

“அதுதாம்மா அந்தக் காலத்து ‘லை’. நாங்களும் தும்பிக்கைன்னுதான் சொல்லுவோம்.”

“ஏன் மாத்தினாங்க? யாருக்குக் கஷ்டமா இருந்துச்சு?”

முப்பத்தாறு வருடம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். எழுத்துச் சீர்திருத்தம் பற்றி எத்தனையோ முறை பாடம் எடுத்திருக்கிறேன். ‘எப்போது’ மாற்றினார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன், ‘யார்’ மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறேன். யாருக்குக் கஷ்டமாக இருந்தது என்று நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வி என்னை நாலைந்து நாள் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு பொருளின் வடிவமும் அது செய்யும் வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மிக் குழவி உருண்டையாக இருப்பதும் முறம் ஒரு பக்கம் திறந்திருப்பதும் அதனால்தான். எழுத்தும் ஒரு கருவிதான். அதன் வேலை, ஒருவர் நினைத்ததை இன்னொருவர் படிக்கச் செய்வது. அந்த வேலைக்கு எந்த வடிவம் தேவை என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறிய ஒவ்வொரு முறையும் ஒருவர் தலையிலிருந்து பாரம் இறங்கி இன்னொருவர் தலையில் ஏறியிருக்கிறது. இதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஓலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். நேர்கோடு போட்டால் ஓலை நார்வாக்கில் கிழிந்துவிடும், அதனால்தான் தமிழ் எழுத்து வட்டமாயிற்று என்று வகுப்பில் சொல்லிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ட, ப, ம, ய எழுத்துகளைப் பாருங்கள். கோடும் மூலையுமாகத்தான் இருக்கின்றன. பல நூறு ஆண்டு ஓலையில் எழுதியும் அவை வட்டமாகிவிடவில்லை. தேவை வடிவத்தைக் கொஞ்சம் வளைக்கும். ஆனால் பழக்கமும் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்கு இழுத்துப் பிடிக்கும்.

புள்ளியின் கதை இன்னும் சுவையானது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும்கூடப் புள்ளி உண்டு என்கிறது. ஆனால் ஓலைச்சுவடிகளில் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். சரி, கல் பொத்துவிடுமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் போய்ப் பாருங்கள். அங்கும் பெரும்பாலும் புள்ளி கிடையாது.

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அந்தக் காலத்தில் எழுதியவரும் படித்தவரும் ஒரே வட்டத்து ஆட்கள். பாட்டை முன்பே காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் ஓலையைப் புரட்டினார்கள். கோயில் கணக்கு தெரிந்தவர்கள் கல்வெட்டைப் படித்தார்கள். எழுத்து செய்யாமல் விட்ட வேலையைப் படிப்பவர் தன் நினைவால் செய்துகொண்டார். புள்ளி இல்லாமல் காரியம் நடந்தது என்றால், அந்தப் பாரத்தை யாரோ சுமந்தார்கள் என்று அர்த்தம்.

புள்ளி மட்டுமில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ‘காடு’ என்று எழுதினாலும் ‘கரடு’ என்று எழுதினாலும் ஓலையில் ஒன்றுதான். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு பேதமும் கிடையாது. ‘கெடு’ என்றாலும் ‘கேடு’ என்றாலும் ஒரே எழுத்து. ‘கொடு’ என்றாலும் ‘கோடு’ என்றாலும் அப்படியே. தெரிந்தவருக்குத் தெரியும். தெரியாதவர் திண்ணையில் உட்கார்ந்து தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் இடத்தில் உட்காரவே எல்லாருக்கும் அனுமதி இருந்ததா என்பது உங்களுக்கே தெரியும். படிக்கச் சிரமமான எழுத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போல.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்காக அவர் பட்ட பாட்டில் பாதி இந்த எழுத்தோடு பட்ட பாடு. புள்ளி இல்லை, கால் எது ரகரம் எது என்று தெரியாது, குறில் நெடில் தெரியாது. ஒரு சொல்லைத் தீர்மானிக்கப் பல சுவடிகளை ஒப்பிட வேண்டியிருந்தது. பாடம் கேட்ட பரம்பரை அறுந்துபோன பின் சுவடி மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் உழைப்பே சாட்சி. நினைவு சுமந்துவந்த பாரம் முழுவதும் அந்த ஒரு மனிதர் தலையில் இறங்கியது.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே குறில் நெடில் குழப்பத்துக்கு ஒரு வழி சொல்லப்பட்டுவிட்டது. இத்தாலியில் பிறந்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த வீரமாமுனிவர் சொன்ன வழி. பழைய இலக்கணம் குறிலுக்குப் புள்ளி வைக்கச் சொன்னது. அந்தப் புள்ளி வழக்கொழிந்து போயிற்று. அவர் அடையாளத்தைக் குறிலிலிருந்து எடுத்து நெடிலுக்கு மாற்றினார். எ-வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ-வைக் கீழே சுழித்தால் ஓ. ஒற்றைக் கொம்பின் தலையை மேலே சுழித்தால் இரட்டைக் கொம்பு. புது எழுத்து ஒன்றையும் கொண்டுவரவில்லை. இருக்கிற எழுத்தில் ஒரு சுழி, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வந்து கற்றுக்கொண்டவருக்குத்தான் இந்தச் சிக்கல் உறைத்தது என்பதைக் கவனியுங்கள். வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு நிலைப்படி எங்கே இடிக்கும் என்று தெரியும், தலை தானே குனிந்துகொள்ளும். விருந்தாளிக்குத்தான் நெற்றியில் அடிபடும். ஆனாலும் அந்தச் சுழிகள் ஓலைக்கு உடனே வந்து சேரவில்லை. பிற்காலத்தில் அவை நிலைபெற்றதற்கு அச்சு பெரிய காரணம்.

அச்சு இங்கே வந்தது அதற்கும் முன்னால். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறே பக்கம். ஈயத்தில் புள்ளி வைப்பதில் எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுதியதை அப்படியே அச்சில் வார்த்தார்கள். ஒரு வடிவம் அதற்கான காரணம் போன பிறகும் எப்படி உயிரோடு இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு தரங்கம்பாடி. சீகன்பால்கு 1706-இல் வந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. ஆனால் அவை பெரிது பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. பக்கத்தில் பொறையாறில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். ஓலைக் காலத்தில் நார் எழுத்தைப் பிடித்து இழுத்தது என்றால், அச்சுக் காலத்தில் காகித விலை இழுத்தது.

இனி என் அப்பாவின் அச்சகத்துக்கு வாருங்கள்.

பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். சாய்வான மரக் கேஸ். அதில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. அப்பா இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்திருப்பார். வலது கை கேஸின் மேல் கோழி கொத்துவது போலப் போய்ப்போய் வரும். கண் கையெழுத்துப் படியை விட்டு அகலாது. எந்த அறையில் எது என்று விரலுக்குத் தெரியும்.

தமிழில் 247 எழுத்து என்றாலும் 247 அறை வேண்டாம். ஒரு கொம்பு எல்லாருக்கும் கொம்பு, ஒரு கால் எல்லாருக்கும் கால். ‘கா’ என்றால் க எடு, பக்கத்தில் கால் வை. ‘கை’ என்றால் சங்கிலிக் கொம்பு வை, பக்கத்தில் க வை. ஆனால் சில எழுத்துகள் இந்தக் கூட்டுறவில் சேராமல் தனிக்குடித்தனம் நடத்தின. கு, கூ, டு, டூ வரிசை ஒவ்வொன்றும் தனி. அவை போக, இன்னும் பதின்மூன்று எழுத்துகள்.

பதினெட்டு மெய்களில் பதினைந்துக்குக் கால் தனியே நிற்கும். ண, ற, ன மூன்றுக்கு மட்டும் கால் தனியே நிற்காமல், கீழே சுழிந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ணா, றா, னா தனி வடிவம். அவற்றைப் பின்பற்றி ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறும் தனி வடிவம். ஐகாரத்தில் பதினான்கு மெய்களுக்குச் சங்கிலிக் கொம்பு. ண, ல, ள, ன நான்குக்கு மட்டும் தும்பிக்கை. அதனால் ணை, லை, ளை, னை தனி வடிவம். மொத்தம் பதின்மூன்று. கையெடுக்காமல் ஓட்டமாக எழுதுபவருக்கு வசதியான கூட்டெழுத்துகள் இவை. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தும்பிக்கை ‘லை’யை எழுதும்போது கைக்கு ஒரு சுகம் இருக்கும். ஆனால் கம்பாசிட்டர் கை ஓட்டமாக எழுதுவதில்லை, பொறுக்குகிறது. அந்தக் கைக்கு இது சுகமில்லை, கூடுதல் அறை.

தட்டச்சு இயந்திரம் வந்ததும் நெருக்கடி இன்னும் கூடியது. அறைகளை வேண்டுமானால் பெருக்கலாம், விசைகளைப் பெருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்.முத்தையா என்ற தமிழர் இதற்கு ஒரு வழி கண்டார். நகரா விசை. புள்ளியை முதலில் தட்ட வேண்டும். தட்டினால் வண்டி நகராது. பிறகு ‘க’வைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். என் மனைவி இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் படித்தவர். ‘கொக்கு’ என்று தட்ட வேண்டுமானால் கொம்பு, க, கால், புள்ளி, க, கு என்று இன்றைக்கும் விரல் மடக்கிச் சொல்லுவார். நாம் காதால் கேட்கும் வரிசை வேறு, இயந்திரம் கேட்கும் வரிசை வேறு.

இந்தப் பின்னணியில்தான் பெரியார் செய்ததைப் பார்க்க வேண்டும். 1935 ஜனவரியில் ‘குடி அரசு’ பத்திரிகையில் அந்தத் தனி வடிவங்களை விட்டுவிட்டு, எல்லா எழுத்துக்கும் உள்ள அதே காலையும் அதே சங்கிலிக் கொம்பையும் வைத்து அச்சிடத் தொடங்கினார். கற்பவருக்குச் சுலபம், அச்சுக்கோப்பவருக்குச் சுலபம் என்பதே அவர் வாதம். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். மொழியின் அழகு போகும் என்றார்கள். அவர் ஒரு பத்திரிகை நடத்தியவர், அச்சகத்து ஈயத்தோடு பழகியவர். மொழி புனிதம் என்று பார்க்காமல், அதை ஒரு கருவியாகப் பார்த்தார்.

அரசாங்கம் ஏற்றுக்கொள்ள நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. பெரியார் நூற்றாண்டை ஒட்டி, 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது அரசாணை வந்தது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. ஐ-யை அய் என்றும் ஔ-வை அவ் என்றும் எழுதலாம் என்று பெரியார் சொன்னதை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. உகர, ஊகார வரிசையையும் சீராக்க வேண்டும் என்று வா.செ.குழந்தைசாமி போன்ற அறிஞர்கள் பிற்பாடு வெகுகாலம் வாதாடினார்கள். அதுவும் நடக்கவில்லை. அந்தப் பதின்மூன்று மட்டும் நின்றது. புதிதாக எந்த வடிவத்தையும் திணிக்காமல் விதிவிலக்கை மட்டும் நீக்கியதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்கூட அது பரவியது.

அப்பா அந்த மாற்றத்தை வரவேற்றார். அவர் கட்சிக்காரர் இல்லை. “கை நீளுற தூரம் குறைஞ்சுதுடா” என்பார். ஆனால் அவர் முதலாளி பழைய அச்சைத் தூக்கிப் போட ஒப்பவில்லை. தேய்ந்து மழுங்குகிற வரைக்கும் கல்யாணப் பத்திரிகை எல்லாம் தும்பிக்கையோடுதான் வந்தது.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். யாருக்குக் கஷ்டம்? கம்பாசிட்டருக்குக் கஷ்டம் தீர்ந்தது. தட்டச்சுக்காரருக்குத் தீர்ந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தீர்ந்தது. எனக்கும் தீர்ந்தது. நான் 1976-இல் வேலைக்குச் சேர்ந்தவன். ணை, லை, ளை, னை-யைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். “பதினாலுக்கு ஒரு மாதிரி, நாலுக்கு மட்டும் ஏன் சார் வேற மாதிரி?” என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது, பிரம்புதான் இருக்கும்.

அப்படியானால் பாரம் யார் தலையில் ஏறியது?

1980 என்று நினைவு. நான் அப்போது கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். புதிய எழுத்தில் நான் மகா தீவிரம். இளரத்தம். ஒருநாள் சொல்வதை எழுதுதல் வைத்தேன். பத்துச் சொற்கள். வீணை, யானை, மாலை, காளை, கண்ணாடி, புறா, வினா, பசு, மரம், வாழை. புதிய வடிவம் படிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பொறுக்கியெடுத்த சொற்கள்.

ஒரு பையன் பத்தையும் அழகாக எழுதியிருந்தான். ஆனால் முதல் ஏழும் பழைய வடிவம். ஏழுக்கும் சிவப்பு வட்டம் போட்டு, பத்துக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்தேன். முட்டிபோட வேறு வைத்தேன்.

மறுநாள் காலையில் அவன் தாத்தா வந்தார். நெல் மண்டியில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதியவர். மூன்றாம் வகுப்புப் படிப்பு. அந்தத் தெருவில் யார் வீட்டுக்குத் தபால் வந்தாலும் அவர் திண்ணைக்குத்தான் எடுத்துப்போவார்கள். அவர்தான் படித்துக்காட்டுவார், பதிலும் எழுதித் தருவார். பேரனுக்கு ராத்திரி அரிக்கேன் விளக்கில் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அந்த வீட்டில் எழுத்து தெரிந்த ஒரே ஆள்.

தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். என் வயது அவர் வயதில் மூன்றில் ஒரு பங்கு இருக்காது.

“வாத்தியாரய்யா, புள்ளை எழுதினது நான் சொல்லிக்குடுத்தது. அதுல என்னங்க தப்பு?”

“அரசாங்கம் எழுத்தை மாத்திடுச்சு பெரியவரே. இனிமே இப்படி எழுதக் கூடாது.”

அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப நான் இத்தனை நாளு படிச்சது எல்லாம்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சரிங்கய்யா. இனிமே நான் சொல்லிக்குடுக்கலை. நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு மறந்திருக்கும். மரியாதையாகச் சொன்னார்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். சீர்திருத்தத்தை எவ்வளவு கறாராக நடைமுறைப்படுத்துகிறேன் பாருங்கள் என்கிற தோரணை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தப் பையன் ‘மாலை’ன்னு எழுதினானே, நீ அதை என்னன்னு படிச்சே?”

“மாலைன்னுதான்ப்பா.”

“படிச்சுட்டே இல்ல? அப்புறம் எப்படிடா தப்பு?”

நான் பேசவில்லை. அவர் கை கழுவிவிட்டு வந்து சொன்னார். “தேஞ்ச எழுத்தைன்னா நாங்க உருக்கி வேற எழுத்து வார்த்துக்குவோம். அந்த மனுசனை நீ என்ன பண்ணுவே?”

பழைய வடிவில் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறை என்று எந்த அதிகாரியும் எனக்குச் சொல்லவில்லை. நானாகச் செய்தது. எழுத்தை எளிமையாக்கியது எதற்காக? இன்னும் பல பேர் படிக்க வேண்டும், இன்னும் பல வீடுகளில் எழுத்து நுழைய வேண்டும் என்பதற்காக. நானோ அதே சீர்திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தேன். புதிய வடிவத்தைப் பிடித்துக்கொண்டேன். அது எதற்கு வந்தது என்பதை விட்டுவிட்டேன். பழைய வடிவத்தைக் கட்டிக்கொண்டு அழுத பண்டிதரும் நானும் செய்தது ஒரே தப்புதான்.

திங்கட்கிழமை பையனைக் கூப்பிட்டு, சிவப்பு வட்டங்களை அடித்து, பத்துக்குப் பத்து என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். “தாத்தாகிட்ட காட்டு” என்றேன். காட்டியிருக்கிறான். ஒரு வாரம் கழித்து நானே அவர் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தார், நன்றாகப் பேசினார். பேரனுக்கு மறுபடி சொல்லிக்கொடுங்கள் என்றேன். “கண்ணு சரியாத் தெரியலைங்கய்யா” என்றார். அன்றைக்கும் அவர் பக்கத்தில் திண்ணையில் யாருடைய தபாலோ பிரித்துக் கிடந்தது.

பையன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், வறுமை முக்கியக் காரணம். ஆனால் அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஓய்வு பெறும்வரை என் வகுப்பில் பழைய வடிவம் எழுதிய எந்தப் பிள்ளைக்கும் நான் மதிப்பெண் குறைக்கவில்லை. “இப்படியும் எழுதுவாங்க, இப்ப இப்படி எழுதறோம்” என்று இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். “இது விதிப்படி சரியா?” என்று ஒரு முறை மேலதிகாரி ஒருவர் கேட்டார். “படிக்க முடியுதுங்களா ஐயா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பாவின் வாக்கியம், எனக்குச் சொந்தமில்லை.

கடைசியாக ஒன்று. பேத்தி கேட்டாளே, கைப்பேசியில் ஏன் அந்தத் தும்பிக்கை இல்லை என்று அடுத்து ஒரு கேள்வி வந்தது. கணினித் துறையில் இருக்கும் மகனைக் கேட்டேன். அவன் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. யூனிகோடு என்கிற முறையில் ‘லை’ என்பதற்கு உருவமே கிடையாதாம். ல என்று ஓர் எண், ஐகாரக் குறி என்று ஓர் எண், அவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. திரையில் அதை எப்படி வரைவது என்பது எழுத்துரு செய்கிறவர் பாடு. பழைய வடிவ எழுத்துரு ஒன்றைப் போட்டால், இதே பதிவு தும்பிக்கையோடு தெரியுமாம். ‘கொ’வையும் அப்படித்தான் சேமிக்கிறதாம். கொம்பு முன்னால், கால் பின்னால் என்றில்லை. க, பிறகு ஒகரம். என் மனைவியின் இன்ஸ்டிட்யூட் வரிசை போய், காதால் கேட்கும் வரிசை திரும்ப வந்துவிட்டது.

எழுத்து செய்யும் வேலையை ஓரிடத்திலும் அதன் உருவத்தை வேறோர் இடத்திலும் வைக்க இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. 1980-இல் எனக்குத் தெரியவில்லை.

பேத்திக்குப் பதின்மூன்று எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அத்தையின் கல்யாணப் பத்திரிகையை முழுக்கப் படித்துவிட்டாள். முகூர்த்த நேரம், மாப்பிள்ளை வீட்டார் பெயர், கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் உட்பட. பிறகு பெட்டியில் இருந்த மற்ற காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்கள் வீட்டிலும் பழைய கடிதமோ பத்திரமோ கணக்கு நோட்டோ இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தப் பதின்மூன்றை மட்டும் சொல்லிக்கொடுத்து, படிக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய வடிவில் எழுதும் பெரியவர் யாராவது வீட்டில் இன்னும் இருந்தால், தயவுசெய்து அவரைத் திருத்தாதீர்கள்.

நீளமாகிவிட்டது. என் கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.